நாலு மணிக்குக் கையில் கத்தி இருக்கும்போது எப்படி ஜெபிப்பது?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். வயது 48. தனியார் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை, அதாவது மரப்பட்டையைக் கத்தியால் சீவிப் பால் எடுப்பது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, அவருடைய நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

ராத்திரி 2.30 மணிக்கு எழுந்து, ஒரு கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டு, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறார். முந்நூறு மரம் வெட்டி, பால் ஒழுகி நிற்கும்வரை காத்திருந்து, எடுத்து, அதை உறையவைத்து ஷீட் அடித்து, வீடு திரும்ப முற்பகல் ஆகிவிடும். தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) என்ற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர். இரண்டு வருடமாக மனைவியோடு பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கும் போகிறார். அங்கே நடத்துபவர் சொல்வது: தினமும் அதிகாலை 4 மணிக்கு ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்க வேண்டும், வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்க வேண்டும். "நாலு மணிக்கு என் கையில் கத்தி இருக்கும். நான் என்ன செய்ய?" என்று கேட்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு முழங்காலில் நின்று பார்த்தால் சீக்கிரமே தூக்கம் வந்துவிடுகிறது. தூங்காவிட்டால் ரப்பர் கடையில் வாங்கிய அட்வான்ஸ் கணக்கு மனசில் ஓடுகிறது.

மகனுக்கு வளைகுடா விசா இரண்டு முறை தட்டிப்போனது. "வீட்டுத் தலைவனிடம் ஜெபக்குறைவு, அதனால்தான் வாசல் அடைபட்டிருக்கிறது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்களாம். அதற்குப் பிறகு வைராக்கியமாக மூன்று வெள்ளிக்கிழமை சாப்பிடாமல் வேலைக்குப் போனார். அவருக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை எடுக்கிறார். மூன்றாவது வெள்ளி, மரத்தடியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். இந்தச் செய்தியும் மகனுடைய விசா விஷயமும் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஜெப விண்ணப்பமாக வந்துவிட்டது. "பால்வெட்டை விட்டுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போகட்டுமா? கூட்டத்தை விடட்டுமா? எனக்கு விசுவாசமே போய்விட்டதோ?" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே ஒரு வரி: "அம்மா இருந்தவரை வீட்டில் அந்தி ஜெபம் உண்டு. அவங்க போய் ஏழு மாசம் ஆச்சு. இப்ப அதுவும் இல்லை."

அன்புச் சகோதரரே,

அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முழங்காலில் நின்றால் தூக்கம் வருவதும், வார்த்தை வராமல் போவதும் எப்போது தொடங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் கடிதத்தில் இருக்கும் மாதங்களைக் கூட்டிக்கழித்துப் பார்த்தால், அம்மாவை அடக்கம் பண்ணிய பிறகுதான் எல்லாமே. அதற்கு முன்னால் கூட்டத்திலும் வீட்டிலும் சுமாராகவேனும் ஜெபித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். நாற்பத்தெட்டு வயதுவரை அம்மா பாட்டெடுத்துக் கொடுக்க, பின்னால் பாடி ஜெபித்துப் பழகிய மனுஷன் நீங்கள். இப்போது பாட்டை எடுக்க ஆள் இல்லை. இதை விசுவாசம் போய்விட்டது என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்குத் துக்கம் இருக்கிறது, அதை இறக்கிவைக்க இடம் கிடைக்கவில்லை.

ஒரு மணி நேரக் கணக்குக்கு ஆதாரமாக உங்கள் கூட்டத்தில் காட்டும் வசனம் எது என்று எழுதியிருக்கிறீர்கள். கெத்செமனே தோட்டத்தில் இயேசு பேதுருவிடம், "நீங்கள் ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா?" என்று கேட்டது. அது ஒரே ஒரு இரவில், பாடுபடப்போகும் ஒருவர் தம் நண்பர்களிடம் கேட்ட கேள்வி. தினசரிச் சட்டமாக அதை அவர் எங்கும் வைக்கவில்லை. அதே இரவை லூக்கா எழுதும்போது சீஷர்கள் ஏன் தூங்கினார்கள் என்றும் சொல்கிறார், 22ஆம் அதிகாரம் 45ஆம் வசனத்தைப் பாருங்கள். "துக்கத்தினாலே நித்திரைபண்ணுகிறதைக் கண்டு" என்று இருக்கிறது. சோம்பல் என்றோ விசுவாசக் குறைவு என்றோ அங்கே இல்லை. துக்கம் உடம்பை அசத்திவிடும் என்பது லூக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வசனத்தை உங்கள் மனைவிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் உடம்பு

மற்ற எதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரைக்குச் சில மாத்திரைகள், நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ரத்தத்தில் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இன்சுலினும் அப்படித்தான். வெறும் வயிற்றோடு மேடு பள்ளம் ஏறி இறங்கி முந்நூறு மரம் வெட்டினால் சர்க்கரை 70க்குக் கீழே போய்விடலாம். வியர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, கண் இருட்டுவது எல்லாம் அதன் அறிகுறிகள். இருட்டில், கையில் கூர்மையான கத்தியோடு, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டி, உபவாசம் இருக்கலாமா என்று கேட்கும்வரை வெள்ளிக்கிழமை பட்டினியை நிறுத்துங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் கூடாது. தோட்டத்துக்குப் போகும்போது சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும்.

உபவாசத்தை விட்டால் ஆண்டவரிடம் கொடுத்த வாக்கை மீறுகிறோமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. தானியேல் மூன்று வாரம் துக்கித்துக்கொண்டிருந்தபோது ருசிகரமான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விட்டார் என்றுதான் 10ஆம் அதிகாரம் சொல்கிறது. வெள்ளிக்கிழமை மீன் கறியை விடுங்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காத நம்ம ஊர்க்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை. வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டே அந்த உபவாசத்தை நடத்தலாம்.

தூக்கமும் இதில் சேர்ந்ததுதான். 2.30க்கு எழும்புகிறவர் ராத்திரி ஒன்பது மணிக்கு முழங்காலில் நின்றால் தூக்கம் வரத்தான் செய்யும். சங்கீதம் 127இன் 2ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறதும் விருதா என்று சொல்லிவிட்டு, "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று முடிக்கிறது. எட்டு மணிக்குப் படுத்துவிடுங்கள். அந்தத் தூக்கமும் ஆண்டவர் கொடுப்பதுதான்.

நாலு மணிதான் ஜெபவேளையா?

இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" ஜெபித்தார் என்று மாற்கு எழுதியிருப்பது உண்மைதான். அவரே ராமுழுவதும் ஜெபித்ததை லூக்காவும், சாயங்காலத்தில் தனியே மலைமேல் ஏறி ஜெபித்ததை மத்தேயுவும் எழுதியிருக்கிறார்கள். தானியேல் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தார். பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி வேளையில், நம் கணக்குக்குப் பிற்பகல் 3 மணிக்கு, தேவாலயத்துக்குப் போனார்கள். ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மனசு வரும்போது ஜெபித்துக்கொள்வோம் என்று விட்டால் மனசு வராமலே நாள் போய்விடும். நேரம் குறித்து, இடம் குறித்து, தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் அங்கே போய் இருப்பதுதான் ஜெபப் பயிற்சி. ஆனால் அந்த நேரத்தை உங்கள் நாளைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். கூட்டம் நடத்துகிறவருக்குத் தோதான நேரம் உங்களுக்கும் தோதாக இருக்க வேண்டியதில்லை.

பட்டையைச் சீவுவது பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழமாக வெட்டினால் அன்றைக்குப் பால் கூடக் கிடைக்கும் என்று கத்தியை இறக்கினால் மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. மெல்லிசாக, அளவாக, முறை தவறாமல் வெட்டுகிற கைதான் வருஷக்கணக்கில் பால் எடுக்கும். ஒரு மணி நேர வைராக்கியம், மூன்று நாளில் சோர்வு, அப்புறம் குற்ற உணர்ச்சி, மறுபடி வைராக்கியம் என்று நீங்கள் போய்க்கொண்டிருப்பது ஆழமான வெட்டு.

உங்கள் நாளுக்கு நான் சொல்லும் ஒழுங்கு இதுதான். தோட்டத்தில் இறங்கும்முன் லைட்டைக் கட்டும்போது ஒரே ஒரு வசனம். சங்கீதம் 130இல், "எப்பொழுது விடியும் என்று விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப்பார்க்கிலும் அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது" என்பதை எடுத்துக்கொள்ளலாம். ராத்திரி வேலை பார்க்கிறவர்களுக்குப் பொருந்தும் வசனம். வெட்டும்போது ஜெபிக்க முயல வேண்டாம். காதில் இயர்போன் போட்டுப் பிரசங்கம் கேட்கவும் வேண்டாம், பாம்பும் பன்றியும் நடமாடும் இடத்தில் காது திறந்திருக்க வேண்டும்.

அப்புறம், பால் ஒழுகி நிற்கக் காத்திருக்கும் நேரம். கடிதத்தில் அதை "சும்மா இருக்கும் நேரம்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஜெபவேளை அதுதான். வெட்டு முடிந்து, வெளிச்சம் வந்து, கொண்டுபோனதைச் சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிஷம் போதும். முழங்காலில் நிற்க வேண்டாம், கல்லிலோ மரத்தடியிலோ உட்காருங்கள். போனைச் சட்டைப் பையிலேயே விடுங்கள். ஒரு சங்கீதத்தை மெதுவாக, வாய்விட்டு வாசியுங்கள். நிறுத்தி, பேசாமல் கொஞ்சம் இருங்கள். பிறகு மனசில் இருப்பதை உள்ளபடி சொல்லுங்கள். கடைசியாக, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். மழை பெய்து வெட்டு இல்லாத நாளிலும், இலை உதிரும் காலத்தில் வெட்டு நிற்கும்போதும், அதே நேரத்தில் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். கூலி இல்லாத நாளில்தான் மனசு அதிகம் அலைபாயும், அன்றைக்கு ஒழுங்கு தப்பக்கூடாது.

"மனசில் இருப்பதை உள்ளபடி" என்றேன். கூட்டத்தில் ஸ்தோத்திரத்தில் தொடங்கி ஸ்தோத்திரத்தில் முடிக்கப் பழகியிருப்பீர்கள். ஆனால் சங்கீதங்களில் ஒரு பெரும்பகுதி முறையீடு. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமலே முடிந்துபோகிறது. அதையும் வேதத்தில் வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் ஜெபித்திருக்கிறார்கள். முதல் சில வாரம் அம்மாவைப் பற்றியே பேசுங்கள். ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் கூட இருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதைச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும், அந்த நேரத்தில் தோட்டத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்?

கடன் கணக்கு வந்தால் அதை விரட்ட வேண்டாம். "இன்றைக்கு வேண்டிய எங்கள் ஆகாரத்தை" என்று கேட்கச் சொன்னவரிடம் அட்வான்ஸ் தொகையைச் சொல்வதில் தவறே இல்லை. தொகையைச் சொல்லிவிட்டு, சங்கீதத்துக்குத் திரும்புங்கள். மறுபடி ஓடினால் மறுபடி திரும்புங்கள். ஓடிப்போனதற்காக உங்களைத் திட்டிக்கொண்டு உட்காராதீர்கள். ஜெபத்தைப் பற்றி அதிகம் எழுதியவர்களில் ஒருவர் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த துறவி, அவிலா தெரசாள். சில வருடங்கள், தான் குறித்துவைத்த ஜெப நேரம் எப்போது முடியும் என்பதிலேயே மனசு இருந்தது, மணி அடிக்கிறதா என்றே காது போனது என்று தன் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது வெளிப்படையாகச் சொல்கிறார். ஆனாலும் எழுந்து போகாமல் அங்கேயே இருந்தார்.

மனப்பாட ஜெபம் உயிரில்லாததா?

"பாடமாச் சொல்ற ஜெபம் மேலே எட்டாது" என்று உங்கள் கூட்டத்தில் சொல்கிறார்கள் என்றீர்கள். இதை நான் மறுக்கிறேன். சிலுவையில் இயேசு வாயிலிருந்து வந்த "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22ஆம் சங்கீதம். "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31ஆம் சங்கீதம். மிகக் கடுமையான வேளையில் அவர் சொன்னது ஏற்கெனவே இருந்த வார்த்தைகள். கத்தோலிக்க மிஷனெரி பிரான்சிஸ் சவேரியார் 1544இல் நம் கடற்கரையில் நடந்தபோது, எழுதப்படிக்கத் தெரியாத மீனவருக்கு ஜெபங்களைத் தமிழில் மனப்பாடமாகத்தான் சொல்லிக்கொடுத்தார். சொந்த வார்த்தை வற்றிப்போன காலத்தில் இப்படிக் கைக்கு வந்து சேர்ந்த வார்த்தைகளே நம்மைத் தாங்கும். அம்மா பாடிய பாட்டுகளும் அப்படித்தான்.

அதனால் அந்தி ஜெபத்தை மறுபடி தொடங்குங்கள். ஏழு மணிக்கு, பத்தே நிமிஷம். ஒரு பாட்டு, ஒரு சிறு சங்கீதம், பரமண்டல ஜெபம். முதல் நாள் பாட்டெடுக்கும்போது உங்களுக்குத் தொண்டை அடைக்கும். மனைவியையோ மகனையோ எடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் பின்னால் பாடினால் போதும். அங்கே யாரும் யாரையும் கண்டித்து ஜெபிக்க வேண்டாம். சில வீடுகளில் குடும்ப ஜெபம் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் மேடையாகிவிடுகிறது. "ஆண்டவரே, இவன் போனைக் கீழே வைக்க உதவி செய்யும்" என்று ஜெபித்தால் அது ஆண்டவருக்குச் சொன்னது இல்லை. விசா தட்டிப்போய் வீட்டில் தலைகுனிந்து இருக்கும் மகனுக்கு அந்தப் பத்து நிமிஷமாவது நிம்மதியாக இருக்கட்டும்.

கூட்டத்தை விடுவதா, வேலையை விடுவதா?

ஜெபத்துக்காக வேலையை விட வேண்டாம். வாட்ச்மேன் வேலையிலும் ராத்திரித் தூக்கம் கெடும், கடனும் கூடும். உடம்பு முடியாமல் வேலை மாற்றுவது வேறு விஷயம், அதை டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள்.

கூட்டத்தைப் பொறுத்தவரை, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் சாப்பாடு கொண்டுவந்தவர்களும் ராத்திரி துணைக்கு இருந்தவர்களும் அதே ஜனங்கள்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனைவிக்கு அங்கேதான் தோழிகள் இருக்கிறார்கள். ஆன்மிக வழிகாட்டுதலில் பெயர்பெற்ற லொயோலா இஞ்ஞாசியார் ஒரு விதி வைத்திருக்கிறார்: மனசு வறண்டு கிடக்கும் காலத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. நீங்கள் சி.எஸ்.ஐ. என்றாலும் இந்தக் கத்தோலிக்கத் துறவியின் பேச்சைக் கேட்கலாம், நான் ஆலோசனை சொன்ன பலருக்கு உதவியிருக்கிறது. மூன்று மாசம் கூட்டத்தில் தொடருங்கள், ஆனால் சில விஷயங்களைச் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

கூட்டம் நடத்துபவரைத் தனியாகப் பாருங்கள். மனைவியும் கூட வரட்டும், அதற்கு முந்தின நாளே மனைவியிடம் இதைப் பேசிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்ட உங்கள் உடல்நிலையையும் மகனுடைய விவரத்தையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கேட்காமல் போட்டால் அது ஜெப விண்ணப்பமானாலும் வீட்டு ரகசியம் வெளியே போனதுதான், எடுக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. 4 மணி ஒழுங்கு உங்களால் முடியாது, உங்களுக்கு வேறு ஒழுங்கு இருக்கிறது என்று சொல்லுங்கள், அனுமதி கேட்கிற தொனி வேண்டாம். காணிக்கைக்காகக் கடையில் மேலும் அட்வான்ஸ் வாங்காதீர்கள். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று பவுல் எழுதியிருப்பது கடனில் இருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

மகனுடைய விசாவையும் உங்கள் ஜெபத்தையும் முடிச்சுப் போட்டதுதான் இதில் பெரிய தவறு. பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு சொன்னார். மறுபடி எல்லோர் முன்னாலும் அந்தப் பேச்சு வந்தால், அல்லது கூட்டத்தை விட்டால் சாபம் வரும் என்று பயமுறுத்தினால், அன்றைக்கே விலகிவிடுங்கள். உங்கள் சபைப் போதகரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். விசா ஏன் தட்டிப்போனது என்பதை ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று வெளிநாட்டு வேலைக்கான அரசின் இ-மைக்ரேட் தளத்தில் மகனே பார்க்கலாம். சான்றிதழிலோ மெடிக்கலிலோ சிக்கல் இருந்தால் அதைச் சரிசெய்ய வழி உண்டு.

இன்னும் ஒன்று. எட்டு மணிக்குப் படுத்தும் தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் ஈடுபாடு இல்லாமல் வாரக்கணக்கில் போனாலோ, அம்மா போன இடத்துக்கே போய்விடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, அதை ஜெபத்தால் மட்டும் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணை (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். களைத்துப்போய்ச் சாக விரும்பிப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது சாப்பாடும் தண்ணீரும். தூங்கவும் விட்டான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வெள்ளிக்கிழமைக்குள் மாத்திரைச் சீட்டோடு டாக்டரைப் பாருங்கள். கூட்டத்தாரிடம் பேசிய பிறகு என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.